எந்த ஊரும்மா நீ?

உளவு நாவலில் வேவுக்கு வரும் பெண் ரயிலை விட்டு இறங்குவாள். அடுத்த பத்தியிலேயே அவளுக்கு வீடு கிடைத்திருக்கும். மாடி போர்ஷன், தெருவைப் பார்த்த ஜன்னல், எதிர்வீட்டு வாசல் நன்றாகத் தெரிகிற கோணம். அட்வான்ஸ் எவ்வளவு, யார் சொல்லி வந்தாள், கல்யாணம் ஆகாத பெண்ணைத் தனியாகக் குடிவைக்க வீட்டுக்காரர் எப்படிச் சம்மதித்தார் என்று ஒரு வரி இருக்காது. எழுதியவர் கடலூரில் வாடகைக்கு வீடு தேடியதே இல்லை என்று எனக்கு அங்கேயே தெரிந்துவிடும்.

பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்குகிற பாக்கெட் நாவலில் ஆரம்பித்து இன்றைக்கு வரும் வெப் சீரிஸ் வரைக்கும் இந்த வகைக் கதைகளை விடாமல் படிக்கிற, பார்க்கிற ஆள் நான். துப்பாக்கி வந்தால் கொஞ்சம் அலுப்பு. கார் துரத்தல் வந்தால் எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வருவேன். எனக்குப் பிடித்த இடம் வேறு. ஒருத்தி இன்னொருத்தியாக மாறி, தன்னை அழிக்கக்கூடியவர்கள் நடுவில் உட்கார்ந்து, ரசத்துக்கு உப்பு போதவில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பாளே, அந்த இடம். அதிலும் அவள் வெளிநாட்டுக்குப் போய் ரகசியம் திருடுகிறவளாக இல்லாமல், நம் ஊருக்குள் திருட வந்தவனை மோப்பம் பிடிக்கிறவளாக இருந்தால் இன்னும் விசேஷம்.

நம்மவர்கள் எழுதும்போது இப்படிப்பட்ட பெண்ணை எடுத்த எடுப்பில் 'ரா' அதிகாரி ஆக்கிவிடுகிறார்கள். 1968-ல் தொடங்கிய 'ரா' வெளிநாட்டு வேலைக்கானது. உள்நாட்டில் அந்நிய ஒற்றனைக் கண்டுபிடிப்பது இன்டெலிஜென்ஸ் பீரோவின் பாடு. அது 1887-லிருந்து இருக்கிற, வெள்ளைக்காரன் ஏற்படுத்திய அமைப்பு. புதுச்சேரியில் ஒருத்தியை இறக்குவதென்றால் ஐ.பி.தான் இறக்கும். இதைச் சொன்னால், 'கதைதானே, விடு' என்கிறார்கள். கதைதான். ஆனால் போலீஸ் கதையில் தாசில்தார் வந்து கைது செய்தால் விடுவோமா?

கொஞ்ச காலமாக நானும் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். எதிர்-உளவு அதிகாரியான ஒருத்தி, வேறு ஆளாகப் புதுச்சேரிக்கு வந்து தங்குகிறாள். முதல் அத்தியாயத்தில் அவள் தாண்ட வேண்டிய முதல் ஆள் எதிரி நாட்டு ஏஜென்ட் இல்லை, வீட்டுக்கார அம்மா.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் வீடு பார்த்தபோது நடந்தது இது. வாசல் திண்ணையில் அந்த அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"எந்த ஊரும்மா நீ?"

"விருத்தாசலம் பக்கம்மா."

"பக்கம்னா?"

இந்த "பக்கம்னா?"வில்தான் எல்லாம் இருக்கிறது. பெண்ணாடம் என்றேன். பெண்ணாடத்தில் எங்கே, ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, என் ஓர்ப்படியோட தங்கச்சிய அங்கதான் குடுத்திருக்கு, உங்க வீட்டுக்குப் பக்கத்துல என்ன கோயில் என்று வரிசையாக வந்தது. கவுச்சி சாப்பிடுவீங்களா என்றார். குலசாமி எது என்றார். ஒருவருடைய சாதியை நேராகக் கேட்பது நாகரிகமில்லை என்று நினைக்கிற மனுஷி, நாலு கேள்வியில் என் சாதி, சொத்து, அப்பாவின் குணம், அண்ணன் தம்பிகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் கீரைக்காம்போடு சேர்த்துக் கிள்ளிப் போட்டுவிட்டார்.

அதோடு முடியவில்லை. குடிவந்து கொஞ்ச நாள் கழித்துத் தண்ணீர் பிடிக்கிற இடத்தில், சும்மா பேச்சுவாக்கில், "உங்கப்பா எந்த வருஷம்மா ரிட்டயர்டு ஆனாரு?" என்றார். அப்பாவுக்கு விவசாயம் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். அது அவருக்கு மறந்திருக்கும் என்று நினைத்தால் நாம்தான் ஏமாளி. வேண்டுமென்றே தப்பான கேள்வியைப் போட்டு, பதில் பழைய பதிலோடு ஒட்டுகிறதா என்று பார்ப்பது விசாரணை அதிகாரிகள் பயிற்சி எடுத்துக் கற்றுக்கொள்கிற வித்தை. பால்காரரிடம் எத்தனை பாக்கெட் வாங்குகிறேன் என்று கேட்டிருக்கிறார். கூரியர் பையனிடம் பார்சலை வாங்கி வைக்கும் சாக்கில் மேலே ஒட்டியிருந்த பெயரைப் படித்திருக்கிறார். ராத்திரி லைட் எப்போது அணைகிறது என்பது அவருக்குத் தெரியும். எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை என்பதால் தப்பித்தேன். உண்மையிலேயே வேறு பெயரில் வந்திருந்தால் முதல் அமாவாசைக்குள் பிடிபட்டிருப்பேன்.

வேடம் என்றதும் ஒட்டுமீசையும் விக்கும் ஞாபகம் வருகிறது. முகத்தை மாற்றுவது சுலபம். ஒரு ஊரை, ஒரு சொந்தக்கார வலையை, சாமி கும்பிடுகிற முறையை, சாம்பாரில் வெல்லம் போடுவார்களா மாட்டார்களா என்பதை எப்படி மாற்றுவது? நம் பக்கத்தில் ஒரு பெண் தனி ஆளாக இருக்கவே முடியாது. யாருடைய மகள், யாருடைய மருமகள், யார் வீட்டுக்கு வந்தவள் என்று ஏதாவது ஒன்று ஒட்டிக்கொண்டே வரும். அது ஒட்டாத பெண்ணைத்தான் தெரு திரும்பிப் பார்க்கும்.

இது நம் ஊர்க் கவலை மட்டும் இல்லை. 1931-ல் பிரிட்டனின் உள்நாட்டு உளவுத்துறையான எம்.ஐ.5-க்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்த மாக்ஸ்வெல் நைட், ஓல்கா கிரே என்கிற தட்டச்சுக்காரப் பெண்ணைக் கண்டெடுத்தார். வயது இருபத்தைந்தைச் சுற்றி. அவருக்கு இட்ட கட்டளை, பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் வட்டத்துக்குள் தானாக நுழையக்கூடாது என்பது. சோவியத் நண்பர்கள் சங்கத்தில் தட்டச்சு செய்து கொடுத்துக்கொண்டு இரு, அவர்களாக உன்னைக் கூப்பிடும்வரை காத்திரு. காத்திருந்தார். கூப்பிட்டார்கள். மெல்ல மெல்லக் கட்சித் தலைமையின் நம்பிக்கைக்கு உரியவரானார்.

1934-ல் ஒரு வேலை வந்தது. இந்தியாவில் இருக்கும் தோழர்களுக்குப் பணம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கொடுக்கப்போவது உளவுத்துறையின் ஆள் என்பது கட்சிக்குத் தெரியாது. இங்கேதான் எனக்குச் சிரிப்பு வரும். கட்சிக்காரர்கள் அவருக்காகத் தயாரித்த காரணக் கதை ஓட்டை. கல்யாணமாகாத ஒரு வெள்ளைக்காரப் பெண், கொட்டுகிற மழைக்காலத்தில், துணை இல்லாமல், எதற்காக இந்தியாவுக்குக் கப்பல் ஏறுகிறாள்? எவன் பார்த்தாலும் கேட்பான். பிடித்து விசாரித்தால் எம்.ஐ.5-ன் பல வருஷ உழைப்பு போய்விடும். அதனால் கம்யூனிஸ்டுகளின் ரகசியத் தூதுக்கு நம்பும்படியான காரணக் கதை ஒன்று சமைக்க, கம்யூனிஸ்டுகளை வேவு பார்க்கும் துறையே திரைக்குப் பின்னால் கைகொடுக்க வேண்டியதாயிற்று. பம்பாயில் இறங்கிய இளம்பெண்ணைப் பார்த்து எவரும் மனதுக்குள் கேட்டிருக்கக்கூடிய கேள்வியும் மஞ்சக்குப்பம் அம்மாவின் கேள்வியும் ஒன்றுதான்.

திரும்பி வந்தவர் நொந்துபோனார். விட்டுவிடுகிறேன் என்று விலகியும் இருந்தார். 1937-ல் பெர்சி கிளாடிங் என்கிற கட்சிக்காரர் அவரையே தேடி வந்து, லண்டனில் ஒரு ஃப்ளாட் எடுத்துக் குடியிரு, நாங்கள் அவ்வப்போது வந்து போவோம் என்றார். அங்கே வைத்து, உல்விச் ஆயுதத் தொழிற்சாலையிலிருந்து கடத்தி வந்த வரைபடங்களைப் புகைப்படம் எடுத்தார்கள். 1938 ஜனவரியில் கிளாடிங் கைதானார், மார்ச்சில் 6 ஆண்டு சிறை. நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வந்த ஓல்காவுக்கு 'மிஸ் எக்ஸ்' என்று பெயர். ஏழு வருஷம் இன்னொருத்தியாக வாழ்ந்ததற்கு 500 பவுண்டு கொடுத்தார்கள், ஒரு நல்ல ஹோட்டலில் சாப்பாடு போட்டார்கள். அவர் கனடாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். ஒற்றனுக்கு ஊரறியச் சிறப்புச் செய்யாதே, செய்தால் மறைவு வெளிப்பட்டுவிடும் என்று ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவர் முடித்திருப்பது நினைவிருக்கும். சிறப்பு வேண்டாம் சரி, கையில் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கக்கூடாது என்று அவர் சொல்லவில்லையே.

கதைக்குப் புதுச்சேரியை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் கடற்கரை சாலையும் மஞ்சள் சுவரும் இல்லை. அதைச் சினிமாக்காரர்கள் தேய்த்துவிட்டார்கள். இந்த ஊருக்கு வேவு பார்ப்பதில் நீண்ட பழக்கம் இருக்கிறது என்பதுதான் காரணம்.

1908-ல் பாரதி இங்கே வந்தார். 1910 ஏப்ரலில் அரவிந்தர். அதே வருஷம் வ.வே.சு. ஐயர். வெள்ளைக்காரன் கை நீட்ட முடியாத பிரெஞ்சு மண் என்பதால் வந்தார்கள். பின்னாலேயே சி.ஐ.டி.க்களும் வந்து வீடெடுத்து உட்கார்ந்தார்கள். வ.வே.சு. ஐயர் வந்த கதையை இங்கே பெரியவர்கள் இப்படிச் சொல்வார்கள். கப்பலில் வட இந்தியர் வேடத்தில் இருக்கிறார். பெட்டியில் வி.வி.எஸ். என்ற எழுத்துகள். சந்தேகப்பட்ட ஒருவன் பெயர் கேட்க, வீர் விக்ரம் சிங் என்கிறார். பிறகு வி.வி.எஸ். ஐயர் பெயருக்கு ஒரு தந்தி வருகிறது. அதைக் கொண்டுவந்து நீட்டினால் வாங்காமல், இது என்னுடையது இல்லை, வேண்டுமானால் பிரித்துப் பாருங்கள் என்கிறார். வேடத்தைக் காப்பாற்றியது தலைப்பாகை இல்லை, அந்த அலட்சியம். இது எவ்வளவு தூரம் அப்படியே நடந்தது என்பது இருக்கட்டும், பாத்திரத்துக்குப் பாடம் எடுக்க இதைவிட நல்ல காட்சி கிடையாது.

அரவிந்தர் வீட்டுக்குள்ளேயே ஒரு ஒற்றன் இருந்தான். பீரேன் என்று பெயர். வங்காளத்திலிருந்து வந்த ஒரு நோயாளி நண்பருக்குத் துணையாக, சமையலுக்கும் உதவியாக வந்தவன். எல்லோரோடும் ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகச் சிரித்து, பிரிட்டிஷ்காரனுக்குத் தகவல் அனுப்பிக்கொண்டிருந்தான். அலுத்துப்போய் லீவு கேட்டான். மாற்றாளை அனுப்புவதாகச் சொன்னார்கள். வருகிறவனுக்கு இவனை எப்படி அடையாளம் தெரியும்? மொட்டை போட்டுக்கொள், அதுதான் அடையாளம் என்று ஏற்பாடு. பீரேன் மொட்டை அடித்துக்கொண்டான். அதைப் பார்த்து அதே வீட்டில் இருந்த மோனி என்கிற இளைஞனுக்கும் ஆசை வந்துவிட்டது, நானும் போட்டுக்கொள்கிறேன் என்று கிளம்பினான். பீரேன் வேண்டாம் வேண்டாம் என்று தடுத்துப் பார்த்தான். மோனி கேட்கவில்லை, போட்டுக்கொண்டு வந்துவிட்டான். ஆக வீட்டில் இரண்டு மொட்டை. இவர்களுக்கு என் விஷயம் தெரிந்துவிட்டது, வேண்டுமென்றேதான் செய்கிறார்கள் என்று பீரேனுக்கு உதறல். ஒருநாள் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, நான் ஒற்றன் என்று சொல்லிவிட்டான். வேடிக்கை என்னவென்றால் முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு அழுது, வாங்கிய பணத்தை அரவிந்தர் காலடியில் வைத்தான்.

ஒருவரும் அவனைச் சந்தேகப்படவே இல்லை. அவனை மாட்டிவிட்டது அவன் பயம். இதைப் படித்துவிட்டு, எல்லாவற்றையும் பார்வையாலேயே கண்டுபிடிக்கும் கதாநாயகர்களை என்னால் சகித்துக்கொள்ள முடிவதில்லை.

இன்னொன்று கிணற்றுச் சம்பவம். மயூரேசன் என்கிற ஆள், சுதேசிகளை மாட்டவைக்க ராஜத்துரோகக் கடிதங்கள் போலப் போலிக் காகிதங்கள் தயார் செய்து, ஒரு கலத்தில் அடைத்து, வ.வே.சு. ஐயர் வீட்டுக் கிணற்றில் போட வைத்தான். பிறகு பிரெஞ்சுப் போலீசிடம் போய்ப் புகார் கொடுத்து, சோதனை வந்து கிணற்றிலிருந்து எடுத்தால் தீர்ந்தது கதை. ஆனால் சோதனைக்கு முன்னாலேயே தண்ணீர் இறைத்த வேலைக்காரப் பெண்ணின் கைக்கு அது வந்துவிட்டது. இதை ஒளிக்கக்கூடாது, நேராகப் போலீசிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். கொடுத்தார்கள். சோதனைக்கு வந்த பிரெஞ்சு நீதிபதி, அரவிந்தர் மேஜையில் கிரேக்கமும் லத்தீனும் இருப்பதைப் பார்த்து வாயடைத்துப் போனார். மயூரேசன் பிரிட்டிஷ் எல்லைக்குள் ஓடிப்போனான்.

எத்தனையோ பேர் இந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். லத்தீன், கிரேக்கம், நீதிபதியின் வியப்பு எல்லாம் நன்றாக வரும். அந்த வேலைக்காரப் பெண் ஒரு அரை வாக்கியத்தில் வந்து போவாள். ஊரே வேவு பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் சதிக்கான சாட்சியத்தைக் கையில் எடுத்தவள் அவள்தான். அந்த வீட்டுக்கு யார் வந்தார்கள், யார் புதுசு, கிணற்றடியில் யார் நின்றிருந்தார்கள் என்று அவளைக் கேட்டிருந்தால் எவ்வளவு சொல்லியிருப்பாள்! கேட்டிருக்கவும் கூடும். எழுதி வைத்ததாக நான் பார்க்கவில்லை.

இன்னும் பின்னால் போனால் ழான் துய்ப்ளே. கவர்னர் துய்ப்ளேயின் மனைவி, 1706-ல் புதுச்சேரியிலேயே பிறந்தவர், தமிழ் தெரிந்தவர். 1746-ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்ததும் ஆங்கிலேயர் தங்கள் தலைமையிடத்தைக் கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டைக்கு மாற்றிக்கொண்டார்கள். ஒரு பகைவரின் தலைமையிடம் புதுச்சேரி, இன்னொரு பகைவரின் தலைமையிடம் கடலூர், நடுவில் சுமார் 22 கிலோமீட்டர், பேசுவது ஒரே தமிழ். வேவுக்கு இதைவிட வசதி வேண்டுமா? அந்த அம்மா தனியாக ஒற்றர்களை வைத்து வேலை வாங்கினார். 1748-ல் பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது சேதி சேகரிப்பதில் அவர் கை ஓங்கியிருந்தது. இவற்றையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு தன் நாட்குறிப்பில் பதிந்து வைத்தவர் ஆனந்தரங்கப்பிள்ளை. கவர்னரின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, தான் செய்ய வேண்டிய வேலையில் அம்மா தலையிடுகிறாளே என்ற எரிச்சல் அவருக்கு. ழான் நல்லவர் என்று நான் சொல்லவில்லை, வேதபுரீஸ்வரர் கோயில் இடிந்த கதையில் அவர் பெயரும் இருக்கிறது. ஆனால் பெண் உளவாளி என்றால் மயக்கி வாங்குகிறவள் என்று மட்டுமே எழுதத் தெரிந்தவர்களுக்கு, கணக்குப்பிள்ளை போல உட்கார்ந்து சேதி தரம் பிரித்த ஒருத்தி நம் ஊரிலேயே இருந்தாள் என்று காட்டலாம்.

கணக்கு என்றதும் சொல்லிவிடுகிறேன், எதிர்-உளவில் பாதி வேலை கணக்குதான். அமெரிக்க சி.ஐ.ஏ.வில் 1985-லிருந்து சோவியத்துக்குள் இருந்த அவர்களுடைய ஆட்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். உள்ளே யாரோ விற்கிறான். கண்டுபிடிக்க அமைத்த சிறு குழுவுக்குத் தலைமை ழான் வெர்ட்டஃபீய். 1954-ல் தட்டச்சராகச் சேர்ந்தவர், தலை நரைத்த, கூட்டத்தில் யாரும் திரும்பிப் பார்க்காத தோற்றம். கூட இருந்தவர் சாண்டி கிரைம்ஸ். ஆல்ட்ரிச் ஏம்ஸ் என்கிற அதிகாரியின் ஒவ்வொரு நாளையும் சாண்டி காலவரிசைப் பட்டியலாகப் போட்டுக்கொண்டே வந்தார். எப்போது லீவு, எப்போது யாரோடு சாப்பாடு என்று. ஏம்ஸ் அலுவலக வேலை என்று சொல்லிக்கொண்டே ஒரு சோவியத் தூதரக அதிகாரியோடு மதியச் சாப்பாட்டுக்குப் போவார். 1992-ல் அவருடைய வங்கிக் கணக்கு விவரம் கைக்கு வந்தது. 1985 மே 17 சாப்பாடு, மே 18 வங்கியில் 9,000 டாலர். ஜூலை 2 சாப்பாடு, ஜூலை 5 அன்று 5,000. ஜூலை 31 சாப்பாடு, அன்றைக்கே 8,500. சாண்டி கிரைம்ஸ் எழுந்து ஓடிப்போய்ச் சொன்னாராம். ஏம்ஸை 1994 பிப்ரவரி 21-ல்தான் கைது செய்தார்கள், ஆயுள் தண்டனை.

ஒரு துணுக்கு. உள்ளே விற்கிறவன் நீதான் என்று சந்தேகம் வந்தால் யார்மேல் பழி போடலாம் என்று ரஷ்யர்கள் ஏம்ஸைக் கேட்டபோது, அவர் சொன்ன பெயர் ழான் வெர்ட்டஃபீய்.

மூன்று தேதி, மூன்று தொகை. இதை வைத்து ஒரு கதையின் உச்சக்கட்டத்தை எழுத முடியாதா? முடியும் என்பது என் கட்சி. வாசகனைப் பொறுமையாகக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பட்டியல் முன்னால் உட்காரவைத்தால் அவனுக்கே தொண்டை வறளும். நம் நாட்டிலும் 1985 ஜனவரியில் வெடித்த கூமர் நாராயண் விவகாரத்தில், பிரதமர் அலுவலகம் வரைக்கும் ஆட்களைப் பிடித்துக் கோப்புகளை நகலெடுத்து விற்றார்கள். அதில் பிரெஞ்சுத் தூதரகத்தின் பெயரும் அடிபட்டது. அங்கே கையாண்ட ஆயுதம் ஜெராக்ஸ் மெஷின்.

தினமும் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வேலைக்குப் போய் வருகிறவள் என்பதால் ஆல்பேட்டை சோதனைச் சாவடி எனக்கு அத்துப்படி. சாயங்காலம் திரும்பும்போது பஸ்ஸை நிறுத்தி போலீஸ்காரர் ஏறுவார். மதுபாட்டில் தேடல். அவர் கண் எங்கே போகிறது என்று பார்ப்பது என் பொழுதுபோக்கு. முதலில் கடைசி சீட்டு. பிறகு கட்டைப்பை வைத்திருக்கும் ஆண்கள். பிறகு சீட்டுக்கடியில் தள்ளிவிட்ட பை, அதன் பக்கத்தில் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பவர். புடவையைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு வியர்க்க உட்கார்ந்திருக்கும் அம்மாவைப் பெண் போலீஸ் வந்து கீழே இறங்கச் சொல்வார். கழுத்தில் ஐ.டி. கார்டு, மடியில் சாப்பாட்டுப் பை, கையில் செல்போன் என்று இருக்கும் என் மாதிரி ஆட்களின் பையை அவர்கள் திறந்து நான் பார்த்ததில்லை. என் கதாநாயகிக்கு அந்த ஐ.டி. கார்டு கயிற்றைக் கொடுத்துவிட்டேன்.

ஆனால் அவளுக்கு என்ன வேலை கொடுப்பது? இதில்தான் கதை ரொம்ப நாள் நின்றது. பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் டீச்சர் என்றால் கல்லூரிப் பையன்கள் மட்டும்தான் வருவார்கள். பியூட்டி பார்லர் நன்றாக இருக்கும், ஆனால் ஆண்கள் வீட்டுக்குள் போக முடியாது. நர்ஸ் வேடம் போட்டால் ஊசி போடச் சொல்வார்கள், வேடம் போட்டு ஊசி போடக்கூடாது. யார் வீட்டுக்குள்ளும் போகலாம், எவ்வளவு சொந்த விஷயத்தையும் கேட்கலாம், கேட்டது தப்பாகத் தெரியக்கூடாது. அப்படி ஒரு வேலை வேண்டும்.

புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூர்க்காரர்களுக்காக: இங்கே சொல்தா வீடுகள் என்று உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற தமிழர்கள். 1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்ய ஆறு மாதம் கொடுத்தார்கள். வைத்துக்கொண்டவர்கள் உண்டு. ஜூலை 14 வந்தால் வயசான சொல்தாக்கள் மெடல் குத்திக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். அவர்களுக்கும், அவர்கள் போனபின் மனைவிமாருக்கும் பிரான்சிலிருந்து பென்ஷன் வரும். வருவதற்கு உயிரோடு இருக்கிறேன் என்ற சான்று அனுப்ப வேண்டும், கடிதம் வந்தால் பதில் போட வேண்டும், எல்லாம் பிரெஞ்சில். பாட்டிக்குப் பிரெஞ்சு தெரியாது. பேரன் பாரிசில். ஆகவே படிவம் நிரப்பித் தருகிறவர் ஒருவர் தேவை.

என் ஆள் அந்தப் படிவம் நிரப்புகிறவள். பாஸ்புக்கைப் பார்ப்பாள். பிறந்த தேதி, கல்யாணத் தேதி, யார் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்பாள். கேட்காவிட்டால்தான் தப்பு. தெருவே அவளைக் கேள்வி கேட்கிற ஊரில், தெருவைக் கேள்வி கேட்கிற ஒரே ஆளாக அவளை உட்காரவைத்துவிட்டேன். ஊர்க்கேள்விக்கு அவள் பதில் காரைக்கால். அதுவும் காரணத்தோடுதான். சொந்தம் தேடினால் கண்டுபிடிக்கத் தூரம், பிரெஞ்சு தெரிவதற்கு நியாயம்.

ஒரு பாட்டியின் கணக்கில் அவள் கண்ணில் ஒன்று படுகிறது. பென்ஷன் யூரோவில் வந்து ரூபாயாக மாறுவதால் தொகை ஒருநாளும் முழுசாக வராது. ரூபாயும் பைசாவுமாக ஏறியும் இறங்கியும்தான் இருக்கும். அந்த வரிகளுக்கு நடுவில், சில மாதங்களில் மட்டும், சில்லறையே இல்லாத முழுத் தொகை ஒன்று வந்திருக்கிறது. பாட்டிக்குத் தெரியாது. கார்டு மருமகனிடம் இருக்கிறது. மருமகன் ஈ.சி.ஆரில் வடக்கே ஒரு அரசாங்க ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறார். எந்தக் கூடம் என்று சொல்லப்போவதில்லை, கதைதான். முழுத் தொகை வந்த மாதங்களில் அவர் எங்கே போனார் என்று பாட்டியே பெருமையாகச் சொல்கிறார்: "எம் மருமவன் சிங்கப்பூர் மாநாட்டுக்குப் போயி வந்தாரும்மா, எனக்கு இந்தச் சால்வைய வாங்கியாந்தாரு." இவள் சால்வையைத் தொட்டுப் பார்த்து, நல்லா இருக்கு ஆயா என்கிறாள். மாதத்தை மனதில் குறித்துக்கொள்கிறாள்.

இந்தக் காட்சியை எழுதியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது என்று சொன்னால் தற்பெருமை. ஆனால் சிலிர்த்தது.

சிக்கல் கடைசியில் இருக்கிறது. வழக்கு முடிந்து மருமகனை அழைத்துப்போன பிறகு அந்தப் பாட்டியை என்ன செய்வது? தன் வாயாலேயே சொல்லி மகளின் குடும்பத்தை மாட்டிவைத்தது பாட்டிக்குத் தெரிய வேண்டுமா? தெரிந்தால் யார் சொல்வது? என் சிநேகிதி ஒருத்தி, இந்த வகை நாவல்களில் என்னைவிடக் கரை கண்டவள், படித்துவிட்டுப் போனில் கத்தினாள். "அவ ஆபீசர்டி, அழுதுக்கிட்டு நிக்கக் கூடாது. மருமகன் துரத்துற மாதிரி பீச்சுல ஒரு சீன் வை, பாட்டிய விடு." பாட்டியை விட்டுவிட்டால் கதையே இல்லை என்பது என் வாதம். இப்போதைக்கு நான் எழுதி வைத்திருப்பதில், அவளுக்கு மாற்றல் ஆர்டர் வந்துவிட்டது, ஆனால் பாட்டியின் படிவம் பாதியில் இருக்கிறது. அதை முடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று மேலதிகாரியிடம் கேட்கிறாள். அவர் கூடாது என்கிறார். அவள் போகிறாளா இல்லையா என்பதில் நானும் சிநேகிதியும் இன்னும் ஒத்துப்போகவில்லை. அவளுக்கு நிஜப் பெயர் ஒன்று, வேடப் பெயர் ஒன்று என்று இரண்டு பெயர் வைக்க வேண்டும், அதுவும் பாக்கி.

அந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவார்கள், யாரிடம் முத்திரை வாங்குவார்கள் என்று நேரில் பார்க்காமல் எழுத எனக்கு மனசில்லை. அலுவலகத் தோழி ஒருத்தியின் தூரத்து உறவில் ஒரு சொல்தா வீட்டம்மா இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார், காகிதங்களை எடுத்து வைப்பாராம். வரும்போது தட்டாஞ்சாவடியில் இறங்கி அவருக்கு மூட்டுவலித் தைலம் ஒன்று வாங்கி வர வேண்டுமாம்.